முத்தரசி முழுங்குன தலைவர் காசு

ஒரு ஊர்ல ஒரு ஜெராக்ஸ் கடைக்காரரு இருந்தாரு, பேரு குமரேசன். ம் கொட்டு... ஆங், அப்படி.

நாட்டுக்காக ஜெயிலுக்குப் போயி, கட்டுன வேட்டியத் தவிர எல்லாத்தையும் ஊருக்கே குடுத்துட்டுப் போனாரே ஒரு பெரிய தலைவரு, அவரோட நூறாவது பொறந்தநாளுக்கு கவருமெண்டு விட்ட காசு ஒண்ணு இவருகிட்ட இருந்துச்சு. பளபளன்னு! அத வெல்வெட் டப்பால வச்சு, டப்பாவ பீரோல வச்சு, பீரோவப் பூட்டிட்டாரு. எல்லாத்தையும் குடுத்தவருக்கு எம்புட்டு மரியாத பாரு! பொண்டாட்டி செல்வராணி, "ஒருக்கா தொட்டுப் பாக்கவாங்க?"ன்னா, "ரேகை பட்டுரும்"பாரு.

அப்புறம் ஒருநா அவரு டப்பாவத் தொறந்து ரசிச்சுக்கிட்டு இருந்தாரா, அப்போ போனு "ட்ரிங் ட்ரிங்". எந்திரிச்சுப் போனாரு. மூணு வயசு மக முத்தரசி வந்தா, பாத்தா, மிட்டாயின்னு நெனச்சா. "லபக்!"

"அய்யோ, என் காசு!"ன்னாரு குமரேசன். "அய்யோ, எம்புள்ள!"ன்னா செல்வராணி.

ஆட்டோ "டர்ர்ர்"ன்னு ஆஸ்பத்திரிக்கு ஓடுச்சு. டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்தாங்க. "வயித்துக்கு எறங்கிருச்சு. பயப்படாதீங்க, தானா வந்துரும்."

"கீறல் ஏதும் விழுமா டாக்டர்?"

"கொடல்ல அதெல்லாம் விழாதுங்க."

"கொடல்ல இல்ல டாக்டர், காசுல."

செல்வராணி பாத்தா பாரு ஒரு பார்வ! வீட்டுக்கு வந்ததும், "இனிமே புள்ளைக்குக் கால் கழுவுறது நீங்கதான்"னுட்டா.

மறுநா காலைல குச்சியும் கையுமா உக்காந்தாரு. ஒண்ணுமில்ல. அதுக்கு மறுநாளும் ஒண்ணுமில்ல. அன்னைக்குப் புள்ள சோறே வேண்டாம்னு சுருண்டு படுத்துருச்சு. அப்போதான் மனுசன் குச்சியத் தூக்கிப் போட்டாரு. "காசு கெடக்குது கழுத, ஒரு வாய் சாப்புடு தங்கம்"னு மடில போட்டுக்கிட்டு அழுதாரு. நெசமாத்தான் அழுதாரு. தூங்கிட்டியா? ம்... சரி.

மூணாம் நாள், புள்ள உக்காந்த தகரப் பேசின்ல "டங்!" புள்ள கைதட்டிச் சிரிச்சுது. அவரு அள்ளி எடுத்து முத்தமாக் குடுத்தாரு. திருந்திட்டாருன்னா நெனச்சே? அப்புறம் காசுக்கு சோப்புப் போட்டு, பன்னீர் ஊத்தி, திரும்ப வெல்வெட்டுல படுக்க வச்சுட்டாரு.

ஞாயித்துக்கெழம மதுரைலருந்து இந்த மாதிரி அபூர்வக் காசாச் சேக்குறவரு ஒருத்தரு இதப் பாக்க வந்தாரு. காச மூக்குக்கிட்ட தூக்கிப் பாத்து, "ஆகா, என்ன வாசன! இது பொழக்கத்துக்கே போகலையே சார்?"ன்னாரு.

"எங்கயுமே போகல சார்!"

"போச்சே மாமா!"ன்னா முத்தரசி. "என் வயித்துக்குள்ள போச்சே! டங்குன்னு வந்துச்சே!"

வந்தவரு காச மெதுவாக் கீழ வச்சாரு. காப்பி வேண்டாம்னுட்டாரு. கை கழுவ மட்டும் தண்ணி கேட்டாரு.

செல்வராணி சிரிப்ப அடக்கிக்கிட்டு, சொம்பு நெறையக் கொண்டாந்து குடுத்தா.

அம்புட்டுதான் கத. தலைவரு டப்பாக்குள்ள தூங்குறாரு, நீ போர்வைக்குள்ள தூங்கு.