இருநூற்றுப் பதினொன்றாம் பக்கம்

"ஒரே ஒரு பக்கம் பாக்கணும் சார். பாத்துட்டா என் வேலை முடிஞ்சுது" என்றாள் கோமதி.

நூலகர் எபநேசர் நிமிர்ந்தார். "பாத்துட்டா முடிஞ்சிருமாக்கா?"

அது ஒரு மாலைநேரச் சட்டக் கல்லூரி. கோமதிக்கு நாற்பத்தாறு வயது, எபநேசருக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் மூலநூல் தேடும் வித்தையை அவள் கற்றுக்கொண்டது அவரிடம்தான். மாணவர்கள் நடத்தும் சட்ட இதழில் அவள் உதவி ஆசிரியை. கட்டுரைக்காரர் அடிக்குறிப்பில் எந்தப் பக்கத்தைக் காட்டுகிறாரோ அந்தப் பக்கத்தை நேரில் கண்டு, 'பார்த்தேன்' என்று பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதாமல் எதுவும் அச்சுக்குப் போகாது.

"எந்தப் பக்கம்?"

"சமஸ்தானத் தீர்ப்புத் தொகுதி, ஏழாவது வால்யூம், இருநூத்திப் பதினொண்ணு. பிள்ளையில்லாத விதவைக்குப் புருஷன் வீட்டுல குடியிருக்க உரிமை கிடையாதுன்னு சொன்ன தீர்ப்பு."

கட்டுரை யாரோ எழுதியது. ஆனால் அவளும் பிள்ளையில்லாத விதவைதான். கொழுந்தன் போட்ட வழக்கில் அவன் வக்கீல் இதே தீர்ப்பை நீட்டியிருந்தார், அதுவும் இதே கல்லூரி இதழின் பழைய பிரதி ஒன்றைக் காட்டி. அவளுடைய வக்கீலும் கையை விரித்துவிட்டார். நாளைக் காலையில் வீட்டை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

"கடைசி அலமாரியில இருக்கு. எடுத்துட்டு வாங்க."

கோமதி நகரவில்லை. அந்த அலமாரிப் பக்கம் யாரும் உட்காருவதில்லை.

"அங்க யாரோ பேசுத மாதிரி இருக்கும் சார்."

"ஆமா, பேசும்" என்றார் எபநேசர். குழாய் ஒழுகுகிறது என்பதைப் போலத்தான் சொன்னார்.

அவள் போய் எடுத்து வந்தாள். அந்த வரி இருந்தது. ஒரு எழுத்து மாறாமல், பக்கத்தின் கடைசியில் இருந்தது.

"பாத்துட்டேன் சார்."

"அடுத்த பக்கம்?"

திருப்பினாள். இருநூற்றுப் பதினான்கு என்றிருந்தது. நடுவில் இரண்டு தாள்கள் ஓரம் பிரியாமல் ஒன்றாக மடிந்து கிடந்தன.

"ஒட்டியிருக்கே சார்."

"ஒட்டலை. அச்சாபீஸ்ல மடிச்சு அனுப்பினபடியே இருக்கு. யாரும் வெட்டலை."

"எண்பது வருஷமாவா?"

"காதுல வச்சுப் பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கரண்ட் இல்லை, மின்விசிறிகூட நின்றிருந்தது. கோமதி புத்தகத்தைக் காதோடு சேர்த்தாள். உள்ளே ஒரு பெண்குரல். வார்த்தை எதுவும் புரியவில்லை. ஆனால் பேச்சு நிற்கவும் இல்லை. பாதியில் வாயை மூடச் சொன்ன பிறகும் விடாமல் சொல்லிக்கொண்டிருப்பவளின் குரல். கோமதி புத்தகத்தைச் சட்டென்று மேசையில் வைத்தாள்.

"எப்ப இருந்து சார் இது?"

"எனக்கு முந்தி இருந்தவர் காலத்துலயே உண்டு. இந்தப் பக்கத்தைக் காட்டி நம்ம இதழ்ல கட்டுரை ஒண்ணு வந்தா, சத்தம் கொஞ்சம் கூடும்."

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து, காகிதம் வெட்டும் கத்தியை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

கோமதி மடிப்பில் கத்தியை நுழைத்து இழுத்தாள்.

குரல் நின்றது.

இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் இப்படித் தொடங்கியது: 'பிரதிவாதி வக்கீல் மேற்கண்டவாறு வாதாடினார். இந்த வாதத்தைக் கோர்ட் ஏற்கவில்லை. வாதியான விதவைக்குத் தன் ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் குடியிருக்கப் பாத்தியதை உண்டு.'

மூன்று தடவை படித்தாள். முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்தது. "என் வீடு சார், என் வீடு!" என்றாள். அங்கேயே நின்று வக்கீலுக்குப் போன் போட்டு, நாளைக்குக் கையெழுத்துக் கிடையாது என்று சொன்னாள்.

போனை வைத்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எந்தக் குருட்டுப் பயல் சார் இதைப் பாத்தேன்னு எழுதி நம்ம இதழ்ல விட்டது? என்னைத் தெருவுல நிறுத்தப் பாத்தானே, பாவி!"

எபநேசர் பழைய பதிவேட்டை எடுத்து, விரித்து, அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

'ஏழாவது வால்யூம், 211. பார்த்தேன். கோமதி.'

இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. அன்று ஒரே மத்தியானத்தில் எண்பது அடிக்குறிப்பு முடித்திருந்தாள். அவள் புருஷன் ஸ்கூட்டரோடு வாசலில் காத்திருந்தார். அந்த வரி அப்போது யாரோ ஒருத்தியைப் பற்றியது.

அவள் பொய் எழுதவில்லை. பக்கத்தைப் பார்த்துத்தான் இருந்தாள்.

பதிவேட்டை மூடினாள். அப்போதுதான் தெரிந்தது, அந்த அறை இன்னும் அமைதியாகவில்லை. ஜன்னலோர அலமாரியிலிருந்து ஒரு முணுமுணுப்பு வந்தது. வாசல் பக்கத்திலிருந்து ஒன்று, அதற்கடுத்த அலமாரியிலிருந்து இரண்டு. கிழவன் குரல், இளவட்டக் குரல், இன்னொரு பெண்குரல். இவ்வளவு நாளும் ஒரு குரல் மற்றதையெல்லாம் மூடியிருந்தது.

கோமதி கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"அன்னைக்கு நான் பாத்த மத்த எழுபத்தொம்பது பக்கமும் எங்க சார் இருக்கு?"

எபநேசர் எழுந்து வழி விட்டார்.