தூளிக்கு மேலே இருந்த கத்தி

"இது எந்தக் காலத்துக் கத்தின்னு பார்த்துச் சொல்லு. புதுசுன்னா நான் மத்தியான பஸ்ஸுல அம்மா வீட்டுக்குப் போயிடறேன்," என்றாள் எமில்டா.

இடுப்பில் எட்டு மாதப் பிள்ளை. தோளில் ஊருக்குக் கட்டிய பை. கையில், துண்டில் சுற்றிய மடக்குக் கத்தி.

சிஸ்டர் ஜெசிந்தா துண்டைப் பிரித்தாள்.

இருவரும் சேலத்தில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். ஒருத்தி கன்னியாஸ்திரீயாகி ஏற்காட்டு மடத்துக்கு வந்தாள். மற்றவள் காபி லாரி ஓட்டுகிறவனைக் கட்டிக்கொண்டு, போன மாதம்தான் இங்கே குடி வந்தாள்.

மடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. தோட்டத் துரைமார் விட்டுப்போன சாமான்கள் அதில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் வயது கண்டுபிடித்து எழுதி வைப்பது ஜெசிந்தாவின் வேலை. மலையில் யார் வீட்டுப் பரணில் எது அகப்பட்டாலும் அவளிடம்தான் வரும்.

"எங்க கிடைச்சுது?"

"வீட்டுலதான். தூளி கட்டற உத்தரத்து மேல. குடி வந்ததிலேர்ந்து அதுக்கு நேர் கீழதான் பிள்ளை தூங்கறான். காலையில கயிறு மாத்தலாம்னு ஸ்டூல் போட்டு ஏறினேன். கையில தட்டுப்பட்டுது."

"சரி."

"என்ன சரி? எவனோ ஒளிச்சு வச்சிருக்கான், ஜெசி. எடுக்க வருவான். அவரு லோடு ஏத்திக்கிட்டு மங்களூர் போயிட்டாரு. நான் ஒருத்தி."

ஜெசிந்தா கத்தியை ஜன்னல் பக்கம் பிடித்தாள். அது மின்னியது.

"ரொம்பப் பளபளன்னு இருக்கே."

"புளி போட்டு, தேங்காநாரால விளக்கினேன்."

"எதுக்குடி?"

"ஒருத்தர்கிட்ட காட்டற சாமானை அழுக்கோடவா கொண்டு போறது?"

ஜெசிந்தா நெற்றியில் கை வைத்தாள்.

"அந்த அழுக்கைப் பார்த்துத்தான் நான் சொல்லணும். எத்தனை வருசமா அங்க கிடந்துதுன்னு தூசியே சொல்லியிருக்கும். நீ என்னடான்னா, பொண்ணு பார்க்க வர்றாங்கன்னு நிறுத்தற மாதிரி குளிப்பாட்டிக் கூட்டிட்டு வந்திருக்க."

"அப்ப இனிமே தெரியாதா?"

"உட்காரு. அழாத. உன் பிள்ளை அழறானா பாரு."

பிள்ளை ஜெசிந்தாவின் ஜெபமாலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

ஜெசிந்தா ஊசி ஒன்றை மெழுகுவர்த்தியில் காட்டினாள். கத்திப்பிடியின் மூலையில் அதைத் தொட்டாள். முடி கருகுவது போல நாற்றம் வந்தது.

"பிளாஸ்டிக்குன்னா வேற நாத்தம் அடிக்கும். இது மான் கொம்பு."

பிடிக்குள் இருந்த தகட்டைச் சுரண்டினாள். பித்தளை.

பிறகு ஓர் ஆரஞ்சை அந்தக் கத்தியால் அறுத்தாள். அலகைத் துடைக்காமல் மேசைமேல் வைத்தாள். இருவரும் ஆரஞ்சைத் தின்றார்கள். தின்று முடிப்பதற்குள் அலகில் சாம்பல் நிறம் படர்ந்திருந்தது.

"எவர்சில்வர் கறுக்காது. இது அந்தக் காலத்து எஃகு." கத்தியை மடக்கிக் காட்டினாள். அலகு பிடிக்குள் முழுசாக மறைந்துபோனது. "தீட்டித் தீட்டியே பாதி தேஞ்சிருக்கு. வேட்டைக்குப் போன துரை யாரோ வச்சிருந்தது. எண்பது வருசம் சொல்லலாம்."

எமில்டாவின் முகம் தெளியவில்லை.

"பழைய கத்தியை வச்சுக்கிட்டுப் புதுத் திருடன் வரக்கூடாதா?"

"வரலாம்."

"ஏதாவது தைரியம் சொல்லுவேன்னு வந்தேன்."

"நீ வயசுதான கேட்ட."

எமில்டா பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"இரு," என்றாள் ஜெசிந்தா. "உன் தேங்காநார் நுழையாத இடம் ஒண்ணு இருக்கு."

அலகை விரித்தாள். அது மடங்கிப் படுக்கும் இடுக்கில் ஊசியை விட்டுத் துழாவினாள். தாளில் தட்டினாள். கறுப்பாகக் கொஞ்சம் பொடி விழுந்தது.

"என்னது?"

"நீ மோந்து பாரு."

எமில்டா மோந்தாள். மறுபடியும் மோந்தாள். பிள்ளையின் கையைத் தூக்கி, மணிக்கட்டில் கிடந்த வளையலை மூக்கருகே வைத்துப் பார்த்தாள்.

"வசம்பு," என்றாள்.

"சுட்ட வசம்பைச் சுரண்டியிருக்காங்க. துரை சுரண்டியிருப்பாரா?"

எமில்டா சிரித்துவிட்டாள். "பிள்ளை இருக்கற வீட்டுல சுரண்டறது."

"உன் பிள்ளை தலைமாட்டுல என்ன வச்சிருக்க?"

"பாக்குவெட்டி."

"சின்ன ஐயா வெத்தலை போடறாரா?"

"போடி. மாமியார் வைக்கச் சொன்னாங்க. இரும்பு இருந்தா கிட்ட வராதாம்."

"எது?"

"எதுவோ."

ஜெசிந்தா கத்தியை எமில்டாவின் முன்னால் நகர்த்தி வைத்தாள்.

எமில்டா அதையே பார்த்தாள்.

"ஒளிச்சு வைக்கலை," என்றாள் மெதுவாக. "முன்னாடி அங்க குடியிருந்த ஒருத்தி காவலுக்கு வச்சிருக்கா. பிள்ளைக்குக் கை எட்டக் கூடாதுன்னு அவ்வளவு உசரத்துல."

பை தோளிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்தது.

"அவ புருசனும் லாரிக்காரனா இருப்பான் போல."

"இருக்கும்."

"பாவம், ராத்திரியெல்லாம் தூங்காம அந்த உத்தரத்தையே பார்த்துக்கிட்டுக் கிடந்திருப்பா. அப்புறம் என்ன ஆனாளோ."

ஜெசிந்தா கத்தியை மடக்கினாள்.

"பிள்ளை வளர்ந்துது. தூளியை அவுத்துக்கிட்டு வீடு மாறிப் போனா. இதை எடுத்துக்கிட்டுப் போகணும்னு அவளுக்கு ஞாபகமே வரலை."