கிழக்குப் படியில் ஒரு போணி

கொங்கு நாட்டில் மஞ்சுமலை என்று ஒரு மலை. விடிந்து நெடுநேரம் வரையில் அங்கே மலை எது, மேகம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. உச்சியில் வேலவர் கோயில் கொண்டிருக்கிறார். கிழக்கு அடிவாரத்தில், முதல் படியின் ஓரமாக, நான்கு மூங்கிலும் ஒரு கீற்றுமாய் நின்ற கடையில் சுக்குத் தண்ணீர் விற்றுப் பிழைத்தவர் நாச்சாத்தாள் அம்மையார். கணவரும் இல்லை, பிள்ளையும் இல்லை. பதிகம் பாடத் தெரியாது. தெரிந்ததெல்லாம் சுக்கும் மல்லியும் கருப்பட்டியும் சேரும் பக்குவமும், மேலே இருக்கும் வேலவரும்தான்.

வியாபாரம் செய்கிறவர்களுக்குப் போணி எத்தனை பெரிது என்று சொல்லவேண்டியதில்லை. அன்றைய முதல் விற்பனை கைராசிக்காரர் கையால் ஆகவேண்டும், அதுவும் ரொக்கமாக ஆகவேண்டும் என்று தவம் கிடப்பார்கள். அம்மையாரோ முதல் குவளையை ஆற்றி, இரண்டு கைகளாலும் மலையை நோக்கி உயர்த்தி, "வேலவரே, போணி பண்ணுங்க" என்பார். சற்றைக்கெல்லாம் உச்சியில் கருவறை திறக்கும் மணி ஒலிக்கும். அம்மையாருக்கு உடம்பு சிலிர்க்கும். அந்தக் குவளையை முதல் படியில் வைத்துவிடுவார். முதலில் வருகிறவர் யாரானாலும் அதைக் காசில்லாமல் குடித்துவிட்டு மலையேறலாம்.

எதிரே பொரிகடலை விற்ற சென்னியப்பனுக்கு இது பொறுக்கவில்லை.

"ஏனுங்கக்கா, போணியவே ஓசிக்குக் குடுத்தா யாவாரம் வெளங்குமா?"

"ஓசிக்கு ஆரு குடுத்தா? அவர்தான் மணியடிச்சு வாங்கிக்கறாருங்களே" என்றார் அம்மையார்.

சென்னியப்பன் அன்று முழுவதும் இதைச் சொல்லிச் சொல்லி, கடலை வாங்க வந்தவர்களை எல்லாம் சிரிக்கவைத்தான்.

இப்படிப் பதினெட்டு ஆண்டுகள் போயின. மழைக்கும் திறந்தார், வெயிலுக்கும் திறந்தார். தங்கை இறந்த மறுநாளும் வீங்கிய கண்ணோடு அடுப்புப் பற்றவைத்தார். பிறகு ஒரு வைகாசியில் மலைக்கு மேற்கே வண்டிப்பாதை போட்டார்கள். மாடு பூட்டிய வண்டி கோயில் வாசல்வரை போகும்போது எழுநூறு படி ஏற யாருக்குப் பைத்தியமா பிடித்திருக்கிறது? கூட்டம் மேற்கே திரும்பியது. கடைகளும் ஒவ்வொன்றாகக் கூட்டத்தின் பின்னே போயின. கடைசியில் சென்னியப்பனும் மூட்டை கட்டினான். ஆனாலும் ஈரமுள்ளவன், அம்மையாரை விட்டுப் போக மனம் வரவில்லை.

"நீங்களும் வந்துருங்கக்கா. அங்க உங்களுக்கும் ஒரு எடம் புடிச்சு வெச்சிருக்கேன்."

"பழைய ஆளுக ஒருத்தர் ரெண்டு பேரு இந்தப் பக்கந்தான் வருவாங்க சென்னியப்பா. குளுருல வந்து நின்னுட்டு, கடை இல்லையேன்னு திரும்பிப் பாப்பாங்க. தெனமும் தொறப்பேன்னு அவர்கிட்டயும் சொல்லிப்போட்டேன்."

"அப்பக் கருப்பட்டியாச்சும் பாதி போடுங்க. ஆளே வராத எடத்துல முழுசு எதுக்கு?"

"வர்றவரு வாயில அது தெரிஞ்சு போகுமல்ல" என்றார் அம்மையார்.

அதன் பிறகு கிழக்குப் படிகளில் புல் முளைத்தது. அம்மையார் தினமும் பிடுங்கினார். பகலில் சுள்ளி பொறுக்கி விற்றார், அந்தக் காசுக்குச் சுக்கு வாங்கினார். பானை சிறிதாயிற்று, பிறகு செம்பாயிற்று, செம்பில் போட்ட கருப்பட்டியின் கணக்கு மட்டும் மாறவில்லை. யாரும் வராத நாளில் போணிக் குவளையைப் படிக்கே வார்த்துவிட்டு, மஞ்சு மூடிய மலையைப் பார்த்துக்கொண்டு மாலைவரை அமர்ந்திருப்பார். அந்த வெண்மைக்குள் யாரோ இறங்கி வருவதுபோலவே இருக்கும், வரமாட்டார்கள். வயிறு காய்ந்தபோதும் அம்மையார் வேலவரை ஒரு சொல் குறைத்துப் பேசவில்லை.

கார்த்திகை மாதத்தில் அம்மையாருக்குக் காய்ச்சல் கண்டது. நான்கு நாள் சுள்ளி பொறுக்கப் போகமுடியவில்லை. கையில் ஒரு குவளைக்கான கருப்பட்டி மட்டும் மிஞ்சியது.

"நாளைக்கு உங்க போணியோட சரிங்க. அதுக்கப்பறம் கடை இல்லீங்க" என்று மலையைப் பார்த்துச் சொல்லும்போது அம்மையாருக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் கார்த்திகைத் திருநாள். மேற்குப் பாதையில் வண்டிகள் வரிசைகட்டி நின்றன. பூசாரி சடையப்பர் குளித்து வந்து கருவறைப் பூட்டில் சாவியைப் போட்டார். பூட்டுத் திறந்தது, கதவு திறக்கவில்லை. தள்ளினார். நாலு பேர் சேர்ந்து தள்ளினார்கள். எண்ணெய் விட்டார்கள், தேங்காய் உடைத்தார்கள். பொழுது ஏறிக்கொண்டே போயிற்று. பல்லாண்டு பூசை செய்தவர் சடையப்பர், தன்னால் என்ன பிழை நேர்ந்ததோ என்று நடுங்கி, வாசற்படியிலேயே தலை சாய்த்தார். மஞ்சு உள்ளே வந்து அவரை மூடியது. கண் சொக்கிய அந்தக் கணத்தில், கதவுக்கு அப்பாலிருந்து ஒரு குரல் சிரிப்போடு கேட்டது.

"கெழக்குப் படியில எனக்கு இன்னம் போணி ஆகலையே சடையப்பா. அதுக்குள்ள கடையத் தொறக்கச் சொன்னா எப்படி?"

அலறி எழுந்த சடையப்பர் கேட்டதை அப்படியே சொன்னார். கூட்டத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. கோயில் வாசலில் கடலை விற்றுக்கொண்டிருந்த சென்னியப்பனுக்கு மட்டும் விளங்கிற்று. அவன் கடலைத் தட்டைப் போட்டுவிட்டுக் கிழக்குப் படிகளில் ஓடினான். பூசாரி பின்னால் ஓடினார், கோயிலில் ஒருவர் மிச்சமில்லாமல் அத்தனை பேரும் இறங்கினார்கள்.

கீழே, கீற்றின் அடியில் அடுப்புப் புகைந்துகொண்டிருந்தது. எழமுடியாத காய்ச்சலில் அம்மையார் தவழ்ந்து வந்து, ஊதி ஊதி நெருப்பைப் பிடிக்கவைத்திருந்தார். கூட்டத்தைக் கண்டதும் அவருக்குப் பதற்றம் வந்துவிட்டது.

"இன்னைக்குக் கடை தொறக்க நேரமாகிப் போச்சுங்க சாமி. ஒரு குவளைக்குத்தான் இருக்குதுங்க, அதும் அவரோட போணிங்க. ஆரும் கோவிச்சுக்காதீங்க" என்றார் பூசாரியிடம்.

சென்னியப்பன் அம்மையாரின் தோளைத் தாங்கி எழுப்பி நிறுத்தினான். அம்மையார் இரண்டு கைகளாலும் குவளையை மலையை நோக்கி உயர்த்தினார்.

"வேலவரே, போணி பண்ணுங்க."

உச்சியில் மணி ஒலித்தது. அங்கே அதை அடிப்பதற்கு ஒருவரும் இல்லை என்பது நின்றவர்கள் எல்லாருக்கும் தெரியும். மஞ்சு விலகி, எழுநூறு படிகளுக்கு மேலே கதவு திறந்திருப்பதும், உள்ளே தீபம் அசைவதும் அடிவாரத்திலிருந்தே தெரிந்தன. சென்னியப்பன் அம்மையாரின் காலடியில் விழுந்து தேம்பினான்.

தம் கடைக்கு வேலவர் போணி செய்வதாகவே அம்மையார் அத்தனை ஆண்டும் எண்ணியிருந்தார். வேலவரோ தம் நாளைத் தொடங்க அவர் கையைப் பார்த்திருந்தார். ஒரு நாளும் கடை மூடாத அந்தத் தாயின் பெருமையை நாம் எத்தனை சொன்னாலும் போதாது.