நடுங்க மறுத்த மான்

சிறுத்தையின் பிடியிலிருந்து தப்பி ஓடி வந்த மருதன் என்ற புள்ளிமான், தாமரைக் குளத்தங்கரையில் மூச்சு வாங்க நின்றது. முதுகில் ஒரே ஒரு நகக்கீறல். மற்றபடி சேதமில்லை. நின்ற மாத்திரத்தில் அதன் கால்கள் வெடவெடவென்று நடுங்கத் தொடங்கின.

அந்தக் குளத்து மான் கூட்டத்துக்கு மருதன்தான் தலைவன். பெண்மான்களும் குட்டிகளும் பார்த்துக்கொண்டிருந்தன. எல்லோர் முன்னாலும் இப்படி ஆடுகிறோமே என்று மருதனுக்கு மானம் போயிற்று. பல்லைக் கடித்தது. மூச்சைப் பிடித்தது. நான்கு கால்களையும் ஊன்றி, கட்டையாக விறைத்து நின்றுவிட்டது.

"அடடா! சிறுத்தை வாய் வரைக்கும் போய் வந்தும் ஒரு மயிர் அசையலையே! இவரல்லவா தலைவர்!" என்று புதருக்குள்ளிருந்து மெச்சியது நல்லமுத்து என்ற நரி.

மருதனுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

ஆனால் அன்றிலிருந்து அதன் உடம்பு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. புல் தொண்டைக்குள் இறங்கவில்லை. கழுத்து திரும்பவில்லை. சருகு சரசரத்தால் போதும், கால்கள் பூட்டிக்கொண்டன. ஓட முடியாத மான் என்றால் சிறுத்தைக்கு இலை போட்டு வைத்த சாப்பாடு அல்லவா! மருதனுக்கும் அது தெரியும். பயந்து பயந்து பாதி உடம்பாகிவிட்டது.

வைத்தியம் கேட்க யாரிடம் போயிற்று தெரியுமா? நரியிடம்! அவ்வளவு புத்திசாலி.

"எல்லாம் மனசுதான் தலைவரே! தினமும் காலையில வந்து அந்தச் சிறுத்தைக் கதையை ஒண்ணுவிடாம எனக்குச் சொல்லுங்க. சொல்லும்போது ஆடக்கூடாது, அசையக்கூடாது. அதுதான் மருந்து!" என்றது நரி.

மருதன் தினமும் போய்ச் சொன்னது. சொல்லச் சொல்ல இன்னும் விறைத்தது. நரி உள்ளூரச் சிரித்தது. சிறுத்தை தின்று மிச்சம் வைக்கும் எலும்பில்தான் அதன் வயிறு நிரம்பும்.

இதையெல்லாம் குளத்திலிருந்து சிலுப்பி என்ற வாத்து பார்த்துக்கொண்டிருந்தது. வாய் கொஞ்சம் நீளம், குறும்பு அதைவிட நீளம்.

"என்ன அண்ணே, உங்களுக்குச் சிலை வைக்கப் போறாங்களா? இப்பவே நின்னு பழகுறீங்க!"

"வாயை மூடு! நான் தைரியமா நிக்கிறேன்."

"மூச்சையே காணோமே, அதுவா தைரியம்? காலையில எனக்கும் பக்கத்து வாத்துக்கும் நடந்த சண்டையைப் பார்த்தீங்கல்ல? முடிஞ்சதும் ரெண்டு பேரும் றெக்கையைப் படபடன்னு உதறிட்டு மேயப் போயிட்டோம். உங்க உடம்பும் அன்னிக்கு உதறத்தான் பார்த்துச்சு. நீங்கதான் விடலை!"

"தலைவன் நடுங்கினா எல்லாரும் சிரிப்பாங்க."

"சிரிச்சுட்டுப் போகட்டும். இந்தாங்க!"

வாய் நிறையத் தண்ணீரை மொண்டு, மருதனின் காதுக்குள்ளேயே பீய்ச்சி அடித்தது சிலுப்பி. காதில் தண்ணீர் போன மான் சும்மா நிற்குமா? தலையை உதறியது. தலையோடு கழுத்து உதறியது. கழுத்தோடு தோள், தோளோடு முட்டி என்று நடுக்கம் உடம்பெல்லாம் பரவியது.

"ஐயோ, நிக்க மாட்டேங்குதே!"

"நிறுத்தாதீங்க! காலுக்குக் கீழே தரை இருக்கு, பக்கத்துல நான் இருக்கேன், சிறுத்தைதான் இங்கே இல்லை. நல்லா ஆடுங்க!"

குட்டிகள் கெக்கெக்கே என்று சிரித்தன. மருதனை வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் இந்தமுறை அது பல்லைக் கடிக்கவில்லை. ஆடி முடித்து, அடிவயிற்றிலிருந்து ஒரு பெருமூச்சு விட்டது. வாய் கிழியக் கொட்டாவி விட்டது. பிறகு வெகுநாள் பட்டினியோடு புல்லில் பாய்ந்தது.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. சருகுச் சத்தம் இன்னும் தூக்கிவாரிப் போட்டது. அப்போதெல்லாம் மருதன் ஓர் உதறு உதறிவிட்டு மேய்ந்தது.

"நரிகிட்ட மட்டும் பழையபடி கட்டையா நில்லுங்க அண்ணே, வேடிக்கை பார்க்கலாம்!" என்றது சிலுப்பி. மருதனும் அப்படியே நடித்தது.

நரி அதை நம்பியது. மறுநாளே சிறுத்தையைக் கையோடு கூட்டி வந்துவிட்டது.

"எசமான், அதோ பாருங்க, கட்டிப் போட்ட மாதிரி நிக்குது. பதுங்க வேண்டாம், பாய வேண்டாம். சும்மா நடந்தே போங்க!"

சிறுத்தையும் உலாவப் போவதுபோல நடந்தது. சருகு சரசரத்தது. திரும்பிப் பார்த்த மருதனின் கால்கள் பூட்டிக்கொண்டன. அவ்வளவுதான், தொலைந்தோம் என்று நினைத்தது. அதற்குள் தோள் தானாக ஓர் உதறு உதறியது. பூட்டு விட்டது. ஒரே தாவல்! சிறுத்தை அவசரமாகப் பாய்ந்து, குளத்துச் சேற்றில் முகம் குப்புற விழுந்தது.

"நடந்தே போகலாம்னு சொன்னவன் எங்கடா?"

சேறு வழிய எழுந்த சிறுத்தை நரியைத் துரத்தியது. நரி பாதி வாலைப் பறிகொடுத்து, குளத்தைச் சுற்றி ஓடி அக்கரையில் ஒரு முட்புதருக்குள் புகுந்துகொண்டது. சிறுத்தை அலுத்துப்போய்க் காட்டுக்குள் திரும்பியதும் மெல்ல வெளியே வந்தது. அதன் கால்கள் வெடவெடவென்று ஆடின. இக்கரையில் மான் கூட்டம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. நரிக்கு மானம் போயிற்று. பல்லைக் கடித்து, மூச்சைப் பிடித்து, கட்டையாக விறைத்து நின்றது.

வாய் நிறையத் தண்ணீரோடு அதை நோக்கி நீந்தி வந்துகொண்டிருந்தது சிலுப்பி.

உடம்பில் புகுந்த பயத்தை உடம்பு உதறித் தள்ளும்போது விட்டுவிட வேண்டும். கௌரவம் பார்த்து அடக்கினால் அது நம்மையே கட்டிப் போட்டுவிடும்.