தலையாட்டும் வரை

“தத்துவம் படிச்சவளுக்கு என்ன வேலை கிடைக்கும், சிஸ்டர்?”

அமலி இதை வகுப்பில் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில், பெண்கள் வார்டில், ஏழாம் கட்டிலின் ஓரத்தில் நின்று கேட்டாள்.

கட்டிலில் இருந்தவர் சிஸ்டர் பெனிட்டா. கல்லூரியில் தத்துவமும் சமயமும் சொல்லித் தருகிற ஒரே ஆசிரியை. நாற்பத்திரண்டு வயது. மறுநாள் காலை அவருக்கு வயிற்றில் ஆப்பரேஷன். திறந்து பார்த்தால்தான் என்ன கட்டி என்று தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“உனக்கு என்ன வேலை கிடைச்சிருக்கு?” என்றார் சிஸ்டர்.

“ஜவுளிக்கடை. பட்டு செக்ஷன். திங்கட்கிழமை வரச் சொல்லிட்டாங்க.”

“பட்டு மடிக்கத் தெரியுமா?”

“சொல்லித் தருவாங்களாம்.”

“அப்போ நம்ம டிபார்ட்மென்ட்டைவிட நல்ல இடந்தான்.”

அமலி சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். படிப்பை நிறுத்திக்கொள்கிறேன் என்ற விண்ணப்பம். சிஸ்டரின் கையெழுத்தோடு நாலு மணிக்குள் ஆபீஸில் கொடுத்தால்தான் டி.சி. கிடைக்கும்.

எம்.ஏ. முடிய ஐந்து மாதம் இருந்தது.

“அஞ்சே மாசம், அமலி.”

“அஞ்சு மாசம் கழிச்சு மட்டும் என்ன ஆகிடப்போவுது? எங்களுக்கு முந்தின செட்டைப் பாருங்க. ஜெனிட்டா கால் சென்டர்ல. பவளம் இன்சூரன்ஸ் பிடிக்கிறா. படிச்சதுக்கு ஏத்த வேலை பாக்கிறது ஒருத்திதான்.”

“யாரு?”

“சுகிர்தா. வேலை கிடைக்காம வீட்டுல உக்காந்து யோசிச்சிக்கிட்டு இருக்கா.”

எட்டாம் கட்டிலில் யாரோ சிரித்தார்கள். பீடி சுற்றும் முத்துப்பேச்சி. அவளுக்கும் நாளைதான் ஆப்பரேஷன், கர்ப்பப்பையில். இங்கே இலையும் இல்லை, தூளும் இல்லை. ஆனாலும் அவள் விரல்கள் போர்வை நுனியைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டே இருந்தன.

“எம் மவ நர்சுக்குப் படிக்கா,” என்றாள். “நீ என்னத்துக்கும்மா இதப் போயி எடுத்தே? சாமியப் பத்திப் படிக்கணும்னா கோயிலுக்குப் போனா போதாதா?”

“எங்க அத்தையும் இதையேதான் கேக்காங்க,” என்றாள் அமலி.

பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“வேலை மட்டும் இல்ல, சிஸ்டர். போன வாரம் மத்தியானம் என் மக கிளாராவுக்குக் காய்ச்சல்ல வலிப்பு வந்திடுச்சு. எட்டு மாசப் பிள்ளை. கண்ணு மேல போயிடுச்சு. என் மடியிலயே விறைச்சுக் கிடந்தா. எங்க வீட்டுக்காரவுக வேலைக்குப் போயிட்டாக. வீட்டுல யாரும் இல்ல.”



“ஒன்றரை வருஷமா வாசிச்சதுல ஒரு வரிகூட எனக்கு வரல. கான்வென்ட்ல ஒண்ணாங் கிளாஸ்ல இருந்து சொன்ன ஜெபம், அதுகூட பாதியில நின்னுபோச்சு. தொண்டையில காத்துதான் வந்துச்சு.”

சிஸ்டரின் இடது கை கட்டில் விளிம்பை இறுகப் பிடித்தது.

“பிள்ளை இப்போ?”

“நல்லா இருக்கா. நாந்தான் நல்லா இல்ல. அவ தூங்குனா மூக்குக்குக் கிட்ட விரலை வச்சு வச்சுப் பாக்கேன். அன்னைக்கு உதவாத படிப்பு எனக்கு எதுக்கு, சிஸ்டர்?”

“பேனா கொடு.”

சிஸ்டர் தாளை வாங்கினார். படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தந்தார்.

“போயிட்டு வா.”

அமலி நகரவில்லை. ஒரு மணி நேர வாதத்துக்குத் தயாராக வந்திருந்தாள்.

“ஏன் நிக்கிற?”

“நீங்க ஒண்ணுமே சொல்லலையே.”

“எனக்கே பயமா இருக்கு, அமலி. உனக்குச் சொல்ல இன்னைக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல.”

 பயமே தெரியாதவர் என்று நம்பித்தான் அமலி இத்தனை தூரம் பஸ் ஏறி வந்திருந்தாள்.

“பஸ் எத்தனை மணிக்கு?”

“மூணேகாலுக்கு.”

“அரை மணி நேரம் இருக்கே. எனக்கு ஒரு பரபக்கம் சொல்லிட்டுப் போ.”

அது அவர்கள் வகுப்பின் வழக்கம். செவ்வாய்க்கிழமை வாதத்தில் யாரும் எடுத்த எடுப்பில் பதில் சொல்லக் கூடாது. எதிரே இருப்பவளின் கட்சியை முதலில் அவளுக்காகச் சொல்ல வேண்டும். அதுதான் பரபக்கம். அவள் “ஆமா, இதைத்தான் சொன்னேன்” என்று தலையாட்ட வேண்டும். தலையாட்டும் வரை பதிலுக்கு இடமில்லை. சில செவ்வாய்க்கிழமைகளில் மணி அடித்துவிடும், யாரும் தலையாட்டியிருக்க மாட்டார்கள்.

“யாரோட பரபக்கம், சிஸ்டர்?”

“என் பயத்தோடது.”

அமலி ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். ஒரு காலை வெளியே நீட்டியே வைத்திருந்தாள், எழுந்து ஓட வசதியாக.

“செத்துப்போயிடுவோம்னு பயம்.”

“இல்ல.”

“கட்டி கெட்டதா இருந்து, ரொம்ப நாள் வலியில கிடக்கணுமேன்னு.”

“அதுவும் இருக்கு. அது இல்ல.”

“அந்தப் பக்கம் கடவுள்னு ஒருத்தர் இல்லாமப் போயிட்டா...”

“அதை பி.ஏ. ரெண்டாம் வருஷத்துலயே பயந்து முடிச்சாச்சு.”

எட்டாம் கட்டிலில் சிரிப்பு வரவில்லை. முத்துப்பேச்சி ஒருக்களித்துப் படுத்து இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அமலி நெற்றியைத் துடைத்தாள். “மரணம்ங்கிறது நாம அனுபவிக்கிற விஷயமே இல்ல, அதனால அதுக்குப் பயப்படுறது...”

“அது மூணாம் யூனிட். பதிலுக்குப் போயிட்ட. எப்பவும் உன் தப்பு இதுதான். நான் இன்னும் தலையாட்டல.”



வார்டுக்கு வெளியே ஒரு தள்ளுவண்டி கடகடவென்று போனது. அந்தச் சத்தம் அடங்கிய பிறகும் சிஸ்டரின் கை கட்டில் விளிம்பை விடவில்லை. விரல் மூட்டுகள் வெளுத்திருந்தன.

அமலி அந்தக் கையைப் பார்த்தாள். அது எப்போது விளிம்பைப் பிடித்தது என்று அவளுக்கு நினைவு வந்தது: ஜெபம் பாதியில் நின்றுபோனதை அவள் சொன்னபோது.

நீட்டியிருந்த காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

“நாளைக்கு உங்களை அந்த வண்டியில தள்ளிக்கிட்டுப் போவாங்க,” என்றாள் மெதுவாக. “கதவு வரைக்கும் கான்வென்ட் மதர் வருவாங்க. உள்ள நம்மவங்க யாரும் இல்ல. மேல லைட்டு. மருந்து ஏறுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் இருக்கும்.”

சிஸ்டர் அவளையே பார்த்தார்.

“அந்த ஒரு நிமிஷத்துல ஒண்ணுமே வராது. பதினாறு வருஷமா சொல்லிக்கொடுத்தது எதுவும் வராது. ஜெபம்கூட பாதியில நின்னுபோகும். சின்னப் பிள்ளை மாதிரி அம்மான்னு கத்திடுவீங்க. நர்ஸுங்க பாப்பாங்க.”

அமலி நிறுத்தவில்லை.

“கத்திட்டா, அதுக்கு முன்னாடி வகுப்புல நின்னு பேசினது எல்லாம் வெறும் பேச்சாகிடும். எங்களை எல்லாம் ஏமாத்தின மாதிரி ஆகிடும். நாளைக்கு நீங்க பொழச்சு வந்தாலும், அந்த போர்டு முன்னாடி எப்படி நிக்கிறதுன்னு... அந்தப் பயம்.”



சிஸ்டர் தலையாட்டினார்.

ஒரு தரம். பிறகு இன்னொரு தரம். கண்ணிலிருந்து நீர் கன்னத்தில் வழிந்தது. கை கட்டில் விளிம்பை விட்டிருந்தது.

“இதுக்குப் பதில் எனக்குத் தெரியல, சிஸ்டர்,” என்றாள் அமலி.

“நான் கேக்கலையே.”

சிஸ்டர் தலையணையைச் சரிசெய்துகொண்டு சாய்ந்தார். காலையிலிருந்து உட்கார்ந்தே இருந்தவர்.

“தண்ணி கொடு. அப்புறம் கிளம்பு, பஸ்ஸை விட்டுடாதே.”

அமலி தம்ளரை எடுத்துக் கொடுத்தாள். அவர் முழுவதும் குடித்தார். தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அமலி எழுந்தாள். மணி மூன்று தாண்டியிருந்தது.

“யம்மா.”

முத்துப்பேச்சி எழுந்து உட்கார்ந்திருந்தாள். விரல்கள் போர்வையைச் சுருட்டிக்கொண்டே இருந்தன.

“அந்த சிஸ்டருக்குச் சொன்னியே, அது மாதிரி எனக்கும் கொஞ்சம் சொல்லேன். எம் மவகிட்ட கேட்டேன். ‘பயப்படாதம்மா, ஒண்ணும் ஆகாது’ங்கா. எனக்கு அது வேண்டாம்.”

அமலி சிஸ்டரைத் திரும்பிப் பார்த்தாள். சிஸ்டர் கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறாரா, கேட்கிறாரா என்று தெரியவில்லை.

கீழே சாலையில் பஸ் ஹாரன் அடித்தது.

அமலி நின்றுகொண்டே சொன்னாள்: “உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா, மகள் படிப்பு நின்னுடுமேன்னு பயம்.”



“இல்ல,” என்றாள் முத்துப்பேச்சி.

அமலி பையைத் தோளிலிருந்து இறக்கி, கட்டிலுக்கு அடியில் வைத்தாள்.