வந்தவர்களின் நடை

சந்தியாகுவுக்கு நடக்க வரவில்லை.

இருபது வருஷமாகச் சினிமாவில் விழுந்துகொண்டிருந்தவன் அவன். கதாநாயகன் ஓங்கி அடித்தால் கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுவான். மாடியிலிருந்து விழுவான். ஓடுகிற லாரியிலிருந்து விழுவான். இடுப்பு எலும்பு தேய்ந்துபோய், இனிமேல் விழுந்தால் எழுந்திருப்பது சந்தேகம் என்று டாக்டர் கையை விரித்த சமயத்தில்தான் இந்தப் படம் வந்தது. இதில் விழ வேண்டியதில்லை, நடந்தால் போதும் என்றார்கள்.

அது பெரிய படம். மூன்று தலைமுறை படித்த ஒரு பழைய நாவலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். வானத்திலிருந்து இறங்கியவர்கள் ஒரு கடற்கரை ஊரைப் பிடித்துக்கொள்கிற கதை. நாவலில் அவர்களுக்குப் பெயர் கிடையாது. ஊர்க்காரர்கள் 'வந்தவர்கள்' என்று மட்டும் சொல்வார்கள்.

உடம்போடு ஒட்டிய கறுப்பு உடையில் வெள்ளைப் புள்ளிகளை ஒட்டி சந்தியாகுவை நடக்கவிட்டார்கள். அவன் எப்படி நடக்கிறானோ அதைக் கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ளும். பிறகு அதே நடையில் எட்டடி உயரத்துக்கு ஓர் உருவத்தைத் திரையில் நடக்கவைக்கும். முகம் அவனுடையது இல்லை. நடை மட்டும்தான் அவனுடையது.

இயக்குநர் வெறி வேண்டும் என்றார். தியேட்டரில் உட்கார்ந்திருப்பவன் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றார். சந்தியாகு பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தான். தோளை விரித்து நடந்தான். உறுமிக்கொண்டுகூட நடந்து பார்த்தான். நாலாவது நாள், படத்துக்காகக் கட்டியிருந்த தெருவில் பிணமாகப் படுத்திருந்த துணை நடிகர்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். சிரிப்பு பரவியது. பிணங்கள் எல்லாம் குலுங்கின.

இயக்குநர் சிரிக்கவில்லை. அவனைத் தனியாகக் கூப்பிட்டு, மும்பையிலிருந்து வேறொரு ஆளை வரச்சொல்லியிருப்பதாகவும், அவன் வந்து சேர்வதற்குள் சரியாக நடந்து காட்டினால் பார்க்கலாம் என்றும் சொன்னார்.

அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை. இடுப்பு போனவனுக்கு அடுத்த வேலையை யார் கொடுப்பார்கள்? மறுநாள் காலை விடிந்ததும் கயல் மாஸ்டரைத் தேடிப் போனான்.

அங்கயற்கண்ணி என்பது முழுப்பெயர். நாடகத்தில் வளர்ந்தவர். நடிகர்களுக்கு உடம்பைப் பழக்குவது அவர் வேலை. சந்தியாகுவைவிட நாலைந்து வயது இளையவர்தான். ஆனாலும், உடையாமல் விழுவது எப்படி என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது அவர். அதனால் அவர் முன்னால் அவன் இன்றுவரை உட்கார்ந்ததில்லை.

சாலிகிராமத்தில் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில், தகரக் கொட்டகைக்குள் வகுப்பு நடத்திவந்தார் மாஸ்டர். சந்தியாகு நடந்ததை எல்லாம் சொன்னான். அவர் பாதியில் நிறுத்தவில்லை. கேட்டு முடித்து, நாவலைப் படித்தாயிற்றா என்று மட்டும் விசாரித்தார். மூன்று தரம் படித்ததாகச் சொன்னான்.

"அதுல அவங்க நடையைப் பத்தி என்ன இருக்கு?"

"ஒரே ஒரு வரிதான் மாஸ்டர். 'வந்தவர்கள் தெருவில் நடந்தார்கள்.' அவ்வளவுதான்."

"நடந்து காட்டுங்க."

வெறியோடு நடந்தான். மாஸ்டர் தலையை ஆட்டினார். இயந்திரம்போல் நடந்தான். இல்லை என்றார். புலியைப்போல், நண்டைப்போல், காற்றில் மிதப்பதைப்போல் எல்லாம் நடந்தான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"அவங்களுக்கு நம்ம மேல என்ன கோபம்?" என்று கேட்டார் மாஸ்டர்.

அவன் யோசித்துப் பார்த்தான். நாவலில் அப்படி எதுவும் இல்லை.

அப்போது போன் அடித்தது. ஷூட்டிங்கிலிருந்து உதவி இயக்குநர். மும்பை ஆள் சாயங்காலமே வந்து இறங்குகிறான், நாளைக் காலையில் இரண்டு பேரையும் நடக்கவிட்டுப் பார்க்கப்போகிறார்கள் என்றார். சந்தியாகுவுக்குக் காது அடைத்தது. கொட்டகையை விட்டு வெளியே வந்தான். இன்னும் ஒரு நாள் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டான். இயக்குநரிடம் ஒரு வார்த்தை பேசவிடுங்கள் என்றான். மாடியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே பேசினான். லைன் துண்டிக்கப்பட்டது. திரும்பக் கூப்பிட்டான். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டுக்கொண்டே நடந்தான்.

கடைசியில் போனைப் பையில் போட்டுவிட்டுத் திரும்பினான். மாஸ்டர் கொட்டகை வாசலில் நின்றிருந்தார்.

"இதுதான்," என்றார்.

"எது மாஸ்டர்?"

"இப்ப நடந்தீங்களே, இந்த நடை."

அவனுக்கு விளங்கவில்லை. மாஸ்டர் கையை நீட்டிக் காட்டிய பக்கம் பார்த்தான்.

மாடியில் இரண்டு பழைய சேலைகள் விரித்திருந்தன. அவற்றின் மேல் வரிசை வரிசையாக வடகம் பிழிந்திருந்தது. ஈரம் இன்னும் காயவில்லை. நடுவில் ஒரு பாதை விழுந்திருந்தது. போனதும் வந்ததுமாக அவன் செருப்புத் தடங்கள். கூழ் நசுங்கிச் சேலையோடு அப்பியிருந்தது. சுவரோரமாக ஒரு பெண் பிழிகிற அச்சைக் கையில் பிடித்தபடி ஒடுங்கி நின்றிருந்தாள். கீழ்வீட்டுப் பூங்காவனம். வடகம் போட்டுக் கடைகளுக்குக் கொடுத்துப் பிழைப்பவள். இருட்டோடு எழுந்து கூழ் காய்ச்சியவள்.

சந்தியாகு குனிந்து தன் செருப்பைப் பார்த்தான். அதன் விளிம்பு முழுக்க வெள்ளை.

"ஐயோ, பார்க்கவே இல்லைம்மா," என்றான்.

"பரவாயில்லைங்க சார்," என்றாள் பூங்காவனம். "நான்தான் வழியில போட்டுட்டேன்."

அது வழி இல்லை. மாடிப்படி எதிர்ப்பக்கம் இருந்தது. தன் தப்பு என்று சொல்லும்போது அவள் லேசாகச் சிரிக்கவும் செய்தாள். பெரிய மனிதர்களிடம் சிரித்துவைக்கிற சிரிப்பு. சந்தியாகுவுக்குத் தெரிந்த சிரிப்பு. இருபது வருஷம் அந்தச் சிரிப்பைச் சிரித்தவன் அவன்.

குனிந்து நசுங்கியதை வழித்தெடுக்கப் போனான். அவள் பதறிப்போய்ச் சேலையை இழுத்துக்கொண்டாள். அவளுக்கு வேண்டியதெல்லாம் அவன் அந்த இடத்தை விட்டுப் போவதுதான் என்று புரிந்தது. விலகி வந்தான்.

"என்னை ஏன் மாஸ்டர் தடுக்கலை?"

"அந்தம்மா கூப்பிட்டாங்க. நானும் கூப்பிட்டேன்."

அவன் வெட்கத்தை விட்டு, கேட்க வந்ததைக் கேட்டான்.

"நாளைக்கு இதே நடையை எப்படி மாஸ்டர் கொண்டுவர்றது?"

"முடியாது," என்றார் மாஸ்டர். "காலுக்குக் கீழ என்ன இருக்குன்னு இப்பதான் பாத்துட்டீங்களே."

மறுநாள் காலை மும்பை ஆள் முதலில் நடந்தான். வாட்டசாட்டமானவன். நன்றாகவே நடந்தான். யாரும் சிரிக்கவில்லை. இயக்குநர் திருப்தியாகத்தான் தெரிந்தார்.

பிறகு சந்தியாகுவைக் கூப்பிட்டார்கள். கட்டிவைத்த தெரு, கட்டிவைத்த சாம்பல், நடுவே படுத்திருக்கும் ஆட்கள். அவர்களைப் பார்க்காமல் நடந்துவிட வேண்டும் என்று முயன்றான். முடியவில்லை. ஒவ்வொரு முகமும் கண்ணில் பட்டது. ஒருவன் மூக்கில் ஈ உட்கார்ந்திருந்தது. ஒரு பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஜபம் சொல்லிக்கொண்டிருந்தார். தெருவின் நடுவில் படுத்திருந்த ஒரு பெண் கண்ணைத் திறந்து அவனையே பார்த்தாள். அவன் நின்றான். அவள் முகத்தைப் பார்த்தான். நன்றாகப் பார்த்தான். பார்த்துக்கொண்டே காலைத் தூக்கி, அவள் காதை ஒட்டித் தரையில் வைத்து, தாண்டிப் போனான்.

'கட்' என்ற சத்தம் வர நேரமாயிற்று. வந்த பிறகும் தெருவில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. இயக்குநர் மானிட்டருக்குப் பின்னாலிருந்து மெதுவாக வெளியே வந்து அவன் தோளைத் தொட்டார். தொட்ட கையை உடனே எடுத்துக்கொண்டார். மும்பை ஆளை மதிய விமானத்தில் அனுப்பிவிடச் சொன்னார்.

டீ நேரத்தில், தெருவில் படுத்திருந்த அந்தப் பெண்ணிடம் சந்தியாகு பேசப் போனான். அடி ஒன்றும் படவில்லையே என்று கேட்கத்தான் போனான். அவள் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து, கூட்டமாக உட்கார்ந்திருந்தவர்கள் பக்கம் போய்விட்டாள்.

வேலை நிலைத்துவிட்டது. அவனுக்குத்தான் நிம்மதி இல்லை. அடுத்த நாள் காலையில் கம்பெனிக் கார் அழைத்துப்போக வந்ததும், டிரைவரிடம் சாலிகிராமம் வழியாகப் போகச் சொன்னான். காரைக் கீழே நிறுத்திவிட்டு மாடி ஏறினான்.

மாஸ்டர் வகுப்புக்கு முன்னால் கொட்டகையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். எல்லாரும் பயந்துவிட்டார்கள் என்று சொன்னான். மும்பை ஆளை அனுப்பிவிட்டதைச் சொன்னான். டீயை வைத்துவிட்டுப் போன பெண்ணைப் பற்றியும் சொன்னான். மாஸ்டர் விளக்குமாற்றைச் சாத்தி வைத்தார்.

"அப்புறம் என்ன?"

"இங்க நடந்தது தெரியாம நடந்தது மாஸ்டர். நேத்து தெரிஞ்சுதான் நடந்தேன். அந்தப் பொண்ணு கண்ணைப் பாத்தேன். ஆனா கால் நிக்கலை." அவன் தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டான். "நடிச்சேனா, இல்ல நெஜமாவே அப்படி ஆயிட்டேனான்னு தெரியலை."

கீழே கார் ஹாரன் அடித்தது.

"நேரமாச்சு, கிளம்புங்க," என்றார் மாஸ்டர். சொல்லிவிட்டு, மாடிப்படிக்குப் போகிற குறுகலான வாசலில் போய் உட்கார்ந்தார். ஒரு பக்கத்துக் கதவுநிலையில் முதுகைச் சாய்த்து, எதிர் நிலைவரைக்கும் காலை நீட்டிக்கொண்டார்.

சந்தியாகு வாசல்வரை வந்து நின்றான்.

"கொஞ்சம் காலை மடக்குங்க மாஸ்டர்."

"மடக்க மாட்டேன். தாண்டிப் போங்க."

மறுபடி ஹாரன். அவன் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். உதவி இயக்குநர். அடித்து ஓய்ந்தது. திரும்பவும் அடித்தது. அவன் அதை அணைத்துப் பையில் போட்டான். வேர்வை காதோரம் இறங்கியது. வேலை போய்விடும் என்று நினைத்தான். நினைத்துக்கொண்டே நின்றான்.

வெயில் வாசலுக்குள் நகர்ந்து வந்து மாஸ்டரின் காலில் விழுந்தது. டிரைவர் கீழேயிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தான்.

"எவ்வளவு நேரம் நிப்பீங்க?" என்றார் மாஸ்டர்.

"நீங்க எந்திரிக்கிற வரைக்கும்."

மாஸ்டர் காலை மடக்கிக்கொண்டார்.

"சரி. போய் நடிச்சிட்டு வாங்க."