செத்தது எந்த சென்சார்?

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் ராக்கியப்பனுக்கு பூவாத்தாள் கார் ஓட்டினாள். ஒருநாள் டயரின் காற்றழுத்தத்தில் கோளாறு என்று காட்டும் விளக்கு காரின் திரையில் எரிந்தது. காரை ஷோரூமுக்குக் கொண்டுபோனார்கள்.

சர்வீஸ் மேனேஜர் டையை நீவிக்கொண்டே சொன்னார். "நாலு டயர்லயும் காத்தை அளக்குற சென்சார் செத்துப்போச்சு. மாத்த முப்பதாயிரம். மாத்தாம ஓட்டி டயர் வெடிச்சா நான் பொறுப்பில்ல."

"நாலும் ஒண்ணாவா சாகுமுங்க? டயர் கடையில ஒண்ணை மட்டும் மாத்த மூவாயிரந்தானுங்க" என்றாள் பூவாத்தாள்.

மேனேஜர் முகம் சிவந்தது. "டிரைவருக்கு என்ன தெரியும்? மெஷின் இல்லாம எது செத்ததுன்னு காட்டு பார்ப்போம்!"

ராக்கியப்பன் அவளை முறைத்தார். "காட்டு. இல்லீன்னா நாளைக்கு வேலைக்கு வராத."

"நீங்க உள்ள உக்காந்து, திரையில வர்ற நம்பரைச் சத்தமாப் படியுங்க" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு, முன்சக்கரத்தருகே மண்டியிட்டு வால்வை அழுத்தினாள். காற்று சீறியது.

"முப்பத்திமூணு... முப்பது!" என்றார் ராக்கியப்பன்.

அடுத்த இரண்டு சக்கரங்களிலும் எண் இறங்கியது. நான்காவதில் எவ்வளவு காற்றை விட்டும் திரையில் வெறும் கோடுதான்.

அவள் எழுந்தாள். "செத்தவன் பேச மாட்டானுங்க. இங்க மூணு பேரு பேசறாங்க."

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "அப்ப ஒண்ணு மட்டும் மாத்தித் தரட்டுங்களா சார்? விலையைப் பார்த்துப் போடறேன்."

"வேண்டாமுங்க. நாலு டயருக்கும் காத்து மட்டும் பிடிச்சு விடுங்க. சென்சாரை டயர் கடையில மாத்திக்கறோம்" என்றார் ராக்கியப்பன்.

"அங்கயும் சோதிச்சுக் காட்டுன பின்னாடிதானுங்க மாத்தோணும்" என்றாள் பூவாத்தாள்.